பாலன் குடிலுக்குப் போன பஞ்சு

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே கலைப் பரிசு, நாலரை வயதுப் பிள்ளை ஒன்றின் விமானப் பயணத்தைக் கெடுக்கப் பார்த்தது. பெரிய பரிசு என்று நினைத்துவிட வேண்டாம், ஆறுதல் பரிசுதான். போட்டிக்கு வந்தவர்கள் நாலு பேர். முதல் மூன்று பரிசும் மற்ற மூவருக்கும் போன பிறகு, நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து எனக்கென்று ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். பரிசாகத் தந்த அந்தக் கிண்ணம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. சாவி போட்டு வைக்க உதவுகிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கியூபெக் மாகாணத்தில் பியர்பொன்ட்ஸ் என்ற இடத்தில், நகரத்தில் இருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் தூங்கி எழும்பலாம் என்கிற தூரத்தில், அப்பா ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார். மேலே மூன்று அறை, கீழே நிலவறை. அந்த வீட்டுக்குள் அரசாங்கத்தின் சட்டங்களைவிட அப்பாவின் சட்டங்கள்தான் கடுமையானவை. அவற்றில் முக்கால்வாசி குளிர்காலத்துக்கானவை. நவம்பர் பிறந்ததும் எல்லா யன்னல்களுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, தலைமயிர் காயவைக்கும் மெஷினால் சூடுகாட்டி, ஒரு சுருக்கமும் இல்லாமல் இழுத்துவிடுவார். அந்த மெஷினைக் கல்யாண நாளுக்கு அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அம்மாவின் தலைமயிரை அது ஒருநாளும் கண்டதில்லை. கதவுகளின் அடியில் சுருட்டிய துவாய் கிடக்கும். தொட்டியில் குளித்த சுடுதண்ணீரை உடனே திறந்துவிடக் கூடாது. தன்னிடம் உள்ள சூட்டையெல்லாம் வீட்டுக்குக் கொடுத்து ஆறிய பிறகுதான் அதற்குப் போக அனுமதி. ஹீற்றர் குமிழ் எந்த அறையிலும் பதினெட்டைத் தாண்டாது. குளிர்கிறது என்று சொன்னால், ஸ்வெட்டர் போட்டிருக்கிறோமா என்று அப்பா பார்ப்பார். போட்டிருந்தால் இன்னொரு ஸ்வெட்டர் எங்கே என்று பார்ப்பார்.

கஞ்சத்தனம் என்று சொந்தக்காரர் சிரித்தார்கள். கஞ்சத்தனமும் கொஞ்சம் இருந்ததுதான். ஆனால் கடுங்குளிர் நாட்களில் மின்சாரக்காரர் வானொலியில் வந்து, காலையிலும் பின்னேரத்திலும் எல்லாரும் ஒரே நேரத்தில் பாவிக்கிறீர்கள், கொஞ்சம் குறையுங்கள் என்று சனங்களைக் கேட்பார்கள். இந்த மாகாணத்திலேயே அதைத் தன்னிடம் நேரே கேட்டதாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருக்கும். "வந்த நாளில இருந்து இந்த நாடு எங்களிட்டை வேற என்னத்தைக் கேட்டது?" என்பார். உடனே எழும்பிப் போய்க் குமிழைப் பதினாறுக்குத் திருகுவார். பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒரே போர்வைக்குள் இருந்து நாட்டுக்கு உதவுவோம்.

அந்த வருடம் மார்கழியில் கோயிலில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்குப் பாலன் குடில் போட்டி வைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் சப்பாத்துப் பெட்டிக்குள் மாட்டுத்தொழுவம் செய்து, வைக்கோல் போட்டு, மாதாவையும் சூசையப்பரையும் நிறுத்தி, நடுவில் பாலனைக் கிடத்தினார்கள். எனக்கு அது காணாது. எங்கள் வீட்டு ரீவி வந்த அட்டைப்பெட்டியில், பின்னால் மலைத்தொடரோடு ஒரு பெத்லகேம் செய்யத் தொடங்கினேன். மலை என்றால் பனி வேண்டும். பெத்லகேமில் பனி கொட்டுமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. பிறந்ததில் இருந்து நான் கண்ட நத்தார்ப் பண்டிகை எல்லாவற்றிலும் பனி இருந்தது. பிறந்தநாள்காரருக்கு மட்டும் இல்லாமல் போகுமா? அம்மாவிடம் இருந்த மருந்துப் பஞ்சு ஓர் ஆட்டுக்குட்டிக்கே போதவில்லை.

நிலவறையில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதன் சுவருக்குப் பலகை அடித்தவர் அப்பா. தண்ணீர்க் குழாயைப் பார்க்க வழி வேண்டும் என்று ஒரு பெரிய பலகையை மட்டும் இரண்டே இரண்டு ஆணியில் நிறுத்தியிருந்தார். அதற்குப் பின்னால், குளிர் உள்ளே வராமல் அடைக்கிற பஞ்சு பொதி பொதியாக இருப்பது எனக்குத் தெரியும். ஆளில்லாத அறைக்கு எதற்குப் போர்வை என்பது என் வாதம். இதை எழுதும் இந்த வேளையிலும் அந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு பின்னேரம் பலகையைக் கழற்றி, பின்னால் இருந்ததை முழுதாக வழித்தெடுத்து, பலகையைத் திரும்பச் சாத்திவிட்டேன்.

பஞ்சு இளஞ்சிவப்பு நிறம். கோதுமை மா தூவிப் பார்த்தேன், நிற்கவில்லை. போட்டி நாளன்று ஃபாதர் என் மலைகளை நீண்டநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "விடியக்காலை வெயில் பட்ட பனி, என்ன?" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்கிற கலையறிவு எனக்கு அப்போதே இருந்தது. ஒரே ஒரு சங்கடம், தொட்டவர்கள் எல்லாருக்கும் கடித்தது. பாலனைத் தூக்கி முத்தமிட்ட ஓர் அம்மா இரண்டு நாள் உதட்டைச் சொறிந்துகொண்டு திரிந்தாராம். நத்தார் முடிந்து குடில்களைக் கலைத்தபோது பெரியவர்கள் முதல் வேலையாக என் பனியைக் குப்பையில் போட்டார்கள். நானும் அதை மறந்துபோனேன்.

தை மாதம் மாமா எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. மன்னாரில் இருந்து அகதியாக வந்தவர். நகரத்துக்குள் நாலு பேரோடு ஓர் அறையில் படுத்து, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவி, இங்கே இருக்கப் பேப்பர் கிடைத்து, மாமியையும் மகளையும் கூப்பிட மனுப் போட்டு, கடைசியில் அவர்களுக்கு விசாவும் வந்துவிட்டது. அவர் புறப்பட்டபோது மாமியின் வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது நாலரை வயது. அவளை மாமா படத்தில்தான் கண்டிருக்கிறார். மாசி முடியமுன்னம் டிக்கெட் போட்டு அவர்களை எடுப்பது, மூவரும் எங்கள் நிலவறை அறையில் இருப்பது என்று ஏற்பாடு. அம்மா பழைய சாமான் கடையில் ஒரு சின்னக் கட்டில் வாங்கினார். அப்பா அதைப் பூட்டி, மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், சரியாக அந்தப் பலகையோடு அணைத்துப் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்குப் பனி ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை காலைகளில் மாமா ஊருக்குப் போன் எடுப்பார். மாமி கதைப்பார், மகள் வரமாட்டாள். ஒருநாள் கோழிக்குச் சோறு போடுகிறாளாம். இன்னொரு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று தலை இழுக்கிறாளாம். "என்ர மகள் சரியான பிசி. அப்பொயின்ற்மென்ற் எடுத்துத்தான் கதைக்கோணும்," என்று மாமா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தப் பிள்ளைக்கு ஊரில் நிறைய வேலை இருக்கிறது என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

முதல் கிழமையே மாமா மூக்குச் சிவந்து, போர்வையோடு படியேறி வரத் தொடங்கினார். சின்னக் கட்டிலுக்கு மேலே ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டிருந்தார். அது பன்னிரண்டில் நின்றது. அப்பா முதலில் பகிடி பண்ணினார்: "நாலு வருசமா சுடுதண்ணிக்குள்ள கையை விட்டுக்கொண்டு நிண்டனீ. உடம்பு பழுதாப் போச்சு." மாமா சிரிக்கவில்லை. "நான் எனக்காகச் சொல்லேல்ல, அத்தான். பிள்ளை தாங்குமோ?" என்றார்.

அன்று நான் என் வாழ்நாளில் காணாத ஒன்றைக் கண்டேன். அப்பா ஒரு குமிழைக் கூட்டினார். பதினெட்டு, இருபது, இருபத்துநாலு என்று அந்த அறைக் குமிழைத் திருகிவிட்டு, திருகிய கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். இரண்டு நாள் ஹீற்றர் சுட்டுக்கொண்டே இருந்தது. வெப்பமானி பதின்மூன்றுக்கு வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றது. தன் கையால் அடித்த சுவர் தன்னைக் கைவிட்டதை அப்பாவால் தாங்க முடியவில்லை. வீடு எங்கே ஒழுகுகிறது என்று பார்த்துச் சொல்லும் ஆள் ஒருவரை வரச் சொன்னார்.

வந்தவர் தாடி வைத்த கியூபெக்காரர். வாசலில் பெரிய சப்பாத்தைக் கழற்றிவிட்டு, முன்கதவைத் திறந்து, அந்த இடத்தில் ஒரு சிவப்புத் துணியை இறுக்கிப் பூட்டி, அதன் நடுவில் ஒரு பெரிய காற்றாடியைப் பொருத்தினார். காற்றாடி சுற்றத் தொடங்கியதும் வீட்டுக்குள் இருந்த காற்றை அது வெளியே இழுத்தது. வெளிக்காற்று கண்ட கண்ட ஓட்டை எல்லாவற்றாலும் உள்ளே வரப் பார்த்தது. அப்பா சுருக்கமில்லாமல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கள் ஒவ்வொன்றும் கர்ப்பிணி வயிறு போல உப்பின. மின்சாரப் பிளக்குகள் விசிலடித்தன. அப்பா யன்னல் யன்னலாக ஓடிப்போய், ஆஸ்பத்திரியில் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவின் பிரெஞ்சு வணக்கத்தில் தொடங்கி நன்றியில் முடிந்துவிடும். இடையில் ஒன்றும் இல்லை. அதனால் என்னை முன்னுக்குத் தள்ளி, "என்ர மகன் எல்லாம் விளங்கப்படுத்துவான்," என்று தமிழிலேயே அந்த மனிதரிடம் சொன்னார். பிரெஞ்சுப் பாடத்தில் என் புள்ளிகள் என்னவென்று அவருக்கு அப்போது தெரியாது. அவற்றைக் காட்டும் கடிதமும் என் கட்டிலுக்குக் கீழேதான் இருந்தது.

நிலவறையில் அவர் ஒரு கமராவை எடுத்துச் சுவருக்குப் பிடித்தார். சூடான இடம் மஞ்சளாகவும் குளிர்ந்த இடம் நீலமாகவும் தெரியும் கமரா. சுவர் எல்லாம் மஞ்சள். சின்னக் கட்டிலின் தலைமாட்டில் மட்டும், அளந்து வெட்டியதுபோல் ஒரு நீலச் சதுரம். அவர் குனிந்து பலகையைத் தட்டிப் பார்த்தார். கட்டில் காலடியில் இருந்து இளஞ்சிவப்பு நூல் ஒன்றை எடுத்து விரலில் உருட்டினார். பிறகு என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: இதற்குப் பின்னால் பஞ்சு இல்லை, யாரோ எடுத்திருக்கிறார்கள், திரும்ப வைத்தால் அரைமணி நேர வேலை, அறை நன்றாகச் சூடாகும்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"இந்தப் பக்கத்து நிலம் சரியான குளிராம். ஒண்டும் செய்யேலாதாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சார். நீ ரெண்டு சொல்லில முடிச்சிட்டாய்?"

"பிரெஞ்சு அப்பிடித்தான் அப்பா. நீளமான பாசை."

அப்பா என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். ஆனால் மாமா பார்த்தது சுவரை. "அப்ப சரி," என்றார் மெல்ல. வந்தவர் போகும்போது என் தலையைத் தடவிவிட்டு, அறிக்கை இரண்டு கிழமையில் தபாலில் வரும் என்றார். அன்றிலிருந்து தபால்காரரைக் கண்டால் நானே முதலில் ஓடிப்போய்க் கடிதங்களை வாங்கினேன்.

ஆனால் தபால்காரர் வரும்வரை எனக்குப் பொறுக்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமை மாமா போனில், "வைகாசியில வாங்கோ. இப்ப பிள்ளை தாங்காது. வீடு பார்க்கிற ஆளே வந்து சொல்லிப்போட்டார்," என்று சொன்னது அம்மா சமைத்துக்கொண்டு நின்ற குசினி வரைக்கும் கேட்டது. அந்தப் பக்கம் மாமி என்ன சொன்னாரோ தெரியாது. கன நேரம் மாமா, "ஓம்... ஓம்... அழாதை," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு வந்தபோது, வேறு அறையோ வீடோ பார்க்கவும் கையில் காசு இல்லை என்று அப்பாவிடம் சொன்னார். மேலே எங்கள் அறைகளில் ஒன்றைத் தாறன் என்று அப்பா சொல்ல, மாமா வேண்டாம் என்றார். அம்மா கீழே போய்ச் சின்னக் கட்டிலின் விரிப்பை உரித்து, நாலாக மடித்து அலுமாரியில் வைத்தார். பூப்போட்ட விரிப்பு. தலையணை உறையிலும் அதே பூ. அதையும் மடித்தார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு பெரிய நோய் அறிகுறி; ஒருவரும் கவனிக்கவில்லை என்பதில் இருந்து அன்றைய நிலைமை விளங்கும்.

ஞாயிறு பூசையால் வந்த பிறகு நிலவறைக்கு இறங்கினேன். மாமா குளிரங்கியோடு கட்டிலில் இருந்தார். நேரே போய்ப் பலகையைக் கழற்றினேன். உள்ளே சீமெந்துச் சுவர், அதில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை உறைபனி. "இதுக்குள்ள இருந்த பஞ்சை நான்தான் எடுத்தனான், மாமா. குடிலுக்கு. அந்த ஆள் அரைமணி நேர வேலை எண்டுதான் சொன்னவர்," என்றேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டினேன். ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் இரண்டையும் ஒரேயடியாகக் காட்டினேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமா அந்த ஓட்டைக்குள் கையை விட்டு உறைபனியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை மாமா."

"அப்ப சொல்லாதை. வைகாசி வரைக்கும் உப்பிடியே கிடக்கட்டும்."

என்ன மனிதர் இவர் என்று நான் உருகிப்போனேன். எனக்கு அடி விழக் கூடாது என்பதற்காக நாலு மாதம் குளிரில் கிடக்கத் தயாராக இருக்கிறாரே! கோயில் சுவரில் படம் மாட்டியிருக்கும் புனிதர்களில் பாதிப்பேர் இவ்வளவு செய்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அம்மா உடுப்புத் தோய்க்கக் கூடையோடு இறங்கி, கடைசிப் படியில் நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. அவர் கூடையைக் கீழே வைத்தார். ஓட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், உன்னைப் பேந்து கவனிக்கிறன் என்று அதற்கு அர்த்தம். பிறகு தன் தம்பியைப் பார்த்தார்.

"வைகாசியில வந்தா மட்டும் பிள்ளைக்கு உன்னைத் தெரிஞ்சிடுமோ, தம்பி?" என்றார்.

மாமா பலகையை எடுத்து அந்த இடத்தில் பொருத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பொருந்தவில்லை. தெரியாமல் என்ன, படம் அனுப்பியிருக்கிறாரே என்று நான் நினைத்தேன். சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் என் நிலைமையில் இருப்பவன் வீணாகக் கவனத்தை இழுக்கக் கூடாது.

அப்பாவுக்கு விஷயம் போனது. அந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பாலன் குடில், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு, கட்டிலுக்குக் கீழே இருந்த கடிதம் என்று மூன்று வழக்குகள் ஒரே பின்னேரம் விசாரிக்கப்பட்டன. மூன்றிலும் நான் தோற்றேன். அப்பாவைப் புண்படுத்தியது பஞ்சு போனதல்ல. "என்ர சுவரைப் போய்ப் பிழை எண்டு நினைச்சிட்டனே," என்று பலகையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டார். மறுநாளே புதுப் பஞ்சு வந்தது. அப்பா வெட்ட, மாமா அடைக்க, நான் பொதியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதுதான் என் தண்டனை. சொறிய அனுமதி இல்லை.

ஒரு நாளைக்குள் வெப்பமானி பத்தொன்பதுக்கு வந்தது. குமிழை அப்பா பழையபடி பதினெட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அந்தப் புள்ளிக்குக் கீழே போகவில்லை. ஊருக்கே கேட்கும் குரலில், "இப்ப சொல்லு, டிக்கெட் போடட்டோ?" என்றார். எல்லாரையும்விட மாமா துள்ளிக் குதிப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். மாமா வெப்பமானியைக் கழற்றி ஒருமுறை உதறிப் பார்த்தார்.

"பாப்பம் அத்தான். மாசியில இன்னும் குளிர் கூடுமாம்..."

"போடுங்கோ," என்றார் அம்மா, அப்பாவிடம். பிறகு போய் அலுமாரியில் இருந்த பூப்போட்ட விரிப்பை எடுத்து உதறினார்.

அவர்கள் வந்து இறங்குவதற்கு முதல்நாள், பள்ளிக்கூடத்தால் வந்து படியடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிலவறையில் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமா சின்னக் கட்டிலுக்கு முன்னால் முழந்தாளில் இருந்தார். கட்டிலில் ஒருவரும் இல்லை.

"நான்தான் அப்பா," என்றார், தலையணையைப் பார்த்து. கொஞ்சம் பொறுத்து, வேறு மாதிரி, சிரித்த முகத்தோடு, "அப்பாவைத் தெரியுதோ?" என்றார். அது பிடிக்கவில்லைப் போல. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பவும், "நான்தான்... நான்தான் செல்லம், உன்ர அப்பா," என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. கோயிலில் போடும் பெரிய வெள்ளி நாடகத்துக்கு வசனம் பாடமாக்குகிறார். எந்தக் காட்சி என்பதுதான் பிடிபடவில்லை. ஆனால் நத்தார் நாடகத்தில் மூன்றாவது இடையனாக நின்று ஒன்றரை வசனம் பேசிய அனுபவம் எனக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

"சத்தம் காணாது மாமா," என்றேன், இறங்கிப்போய். "கடைசி வரிசை வாங்கில இருக்கிறவைக்குக் கேக்கோணும்."

மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அப்பிடியோ? எப்பிடிச் சொல்லோணும், சொல்லிக்காட்டு," என்றார்.

நெஞ்சில் கை வைத்து, வயிற்றில் இருந்து குரலை எடுத்துச் சொல்லிக் காட்டினேன். மாமா சொன்னார். இடையில் நிறுத்தாமல் சொல்லச் சொன்னேன். சொன்னார். குரல் நடுங்கக் கூடாது, பார்க்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றேன். திரும்பவும் சொன்னார். ஒவ்வொரு முறையும் "அப்பா" என்கிற இடத்தில்தான் அவருக்குத் தடக்கியது. சின்னச் சொல், அதில் தடக்க என்ன இருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. ஏழெட்டுத் தரம் சொல்ல வைத்த பிறகு மாமா ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டார். நெற்றி, கழுத்து எல்லாம் நனைந்திருந்தது. கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். கண்ணுக்குக் கீழே துடைத்த இடம் திரும்ப நனைந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடிப்போய், புதுப் பஞ்சு சரியான திறம், மாமாவுக்கு வேர்த்துக் கொட்டுது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் முகம் மலர்ந்தது. உடனே எழும்பிக் கீழே போய், அந்த அறைக் குமிழை ஒரு புள்ளி குறைத்துவிட்டு வந்தார்.